மேற்படி கட்டணம்

வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் திடீரென்று யோக்கியதை வந்துவிட்டது. இத்தனை வருடமாக வாயே திறக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த கட்டணங்களை எல்லாம் இனிமேல் ஓட்டுநர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் விளக்கப் போகிறார்களாம். வாசலில் அதற்கொரு பலகை வைத்து, பலகைக்கு நாடா கட்டி, நாடாவை வெட்டுவதற்கு மேலிடத்திலிருந்து ஒருவரை வரவழைத்து, அவருக்கு மாலையும் போட்டு அனுப்பியிருந்தார்கள். பலகையில் கட்டணங்களின் பெயரும் தொகையும் இருந்தன. எது எதற்காக என்று மட்டும் இல்லை. ஊறுகாய் ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விட்ட கதைதான்.

கூடவே ஒரு படிவமும் வந்தது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் எதிரே ஒரு கட்டம். கட்டத்தில், ‘எனக்கு விளக்கப்பட்டது, புரிந்தது’ என்று அச்சடித்திருந்தது. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வாங்குவார்கள். பணம் வாங்கினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். யார் விளக்குவார்கள் என்பதைப் பற்றிப் படிவத்தில் மூச்சே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை வரிசையில் நின்றவர்கள் யாரும் அதற்காகக் கவலைப்படவில்லை. ஐந்து கட்டத்திலும் கடகடவென்று கிறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஏனக்காவின் முறை வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏனக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கடையில் தராசு முள் நின்ற பிறகும் மூன்று எண்ணும்வரை பொட்டலத்தைத் தொடமாட்டாள். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். அன்றைக்கும், முன்னால் நின்று கிறுக்கியவர்களைப் பார்த்து, “வெட்டப் போற ஆடுகூட ஒரு தடவை கத்தும்” என்று முணுமுணுத்தபடிதான் கண்ணாடி ஜன்னலுக்கு வந்தாள்.

முதல் நான்கு கட்டத்தில் அவளுக்குச் சிக்கல் இல்லை. பதிவு, எண் பலகை, தகுதிச் சோதனை, சாலை வரி. ஐந்தாவதாக, ‘மேற்படி கட்டணம்’ என்றிருந்தது.

“இது என்னங்க?”

ஜன்னல் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “மேற்படின்னா மேலே சொன்னதுன்னு அர்த்தம்.”

“மேலே சாலை வரி இருக்கு. அப்ப சாலை வரியையே ரெண்டு தடவை வாங்குறீங்களா?”

“சேச்சே. அது வேற, இது வேற.”

“வேறன்னா எது?”

“அதான் மேற்படி.”

பின்னால் நின்ற லாரிக்காரர் சிரித்துவிட்டார். இரண்டு லாரி வைத்திருப்பவர், நரைத்த மீசை, எதையும் பெரிதுபடுத்தாத மனிதர். “இதுகூடத் தெரியாதாம்மா? முன்னாடி மேசைக்கு அடியில குடுப்போமில்ல, அந்த மேற்படிதான். இப்ப ரசீது போட்டு வாங்குறாங்க. நாகரிகம் வளர்ந்துடுச்சு.” வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லோரும் பல வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஏனக்கா சிரிக்கவில்லை. “புரியாம புரிஞ்சதுன்னு போடமாட்டேன்” என்றாள்.

“போடலைன்னா புதுப்பிக்க முடியாது. தள்ளுங்க.”

தள்ளிப்போக முடியாத நிலையில்தான் அவள் இருந்தாள். திங்கட்கிழமை காலை புதிய பதிவு வில்லை கண்ணாடியில் ஒட்டியிருக்கவில்லை என்றால் வேன் பள்ளிக்கூட வாசலுக்கே வரக்கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக ஒரு பெரிய பஸ் நிறுவனம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. வீட்டில் அவள் கணவன் முதுகு பிடித்துப் பட்டறை வேலையை விட்டு ஏழு மாதமாகிறது. வேன் நின்றால் குடும்பம் நின்றது.

அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன். திங்கக்கிழமை பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?” என்றான். பேச்சில் நியாயம் இருந்ததால் அவளுக்குக் கோபம் கூடியது. படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குள் போனாள்.

வேறொரு நாளாக இருந்தால் அதிகாரி அவளை வாசலோடு விரட்டியிருப்பார். ஆனால் எத்தனை ஓட்டுநர்களுக்கு முழுமையாகப் புரிந்தது என்று மாலையில் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பவேண்டும். அதுவரை நூற்றுக்கு நூறு. இவள் ஒருத்தியால் அது தொண்ணூற்றொன்பது சொச்சம் ஆகிவிடும் என்பதை நினைக்கவே அவருக்கு வேர்த்தது.

“உட்காருங்கம்மா. அது காலங்காலமா இருக்கிற கட்டணம்.”

“அவ்வளவு காலமா இருந்தா அதுக்கு ஒரு பேர் இருக்கணுமே சார். ஏன் இல்லை?”

அதிகாரி விழித்தார். அவருக்கும் தெரியாது. கட்டவேண்டியவர்களுக்கும் தெரியாது, வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டுகிற அலுவலகம். விவகாரம் தீரும்வரை ஜன்னலை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, கோப்பறைக்காரரைக் கூப்பிட்டார். தும்மிக்கொண்டே போனவர் ஒரு மணி நேரம் கழித்து, தும்மிக்கொண்டே ஒரு பழுப்புத் தாளோடு வந்தார். தட்டச்சு செய்த பழைய கட்டணப் பட்டியல். விரலை வைத்து வாசித்தார்:

“எண்ணெய் விளக்குச் சோதனை, முன்பக்கம். அதுக்குக் கீழே, மேற்படி, பின்பக்கம்.”

அதிகாரி தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

நடந்தது இதுதான். வண்டிகளில் எண்ணெய் விளக்கு மாட்டிய காலத்தில் அதைச் சோதிக்கக் கட்டணம் வைத்தார்கள். விளக்கு ஒழிந்தபின் எந்தப் புண்ணியவானோ சிவப்பு மையால் முதல் வரியை அடித்தான். இரண்டாவது வரியை அடிக்க மறந்தான். பட்டியல் கம்ப்யூட்டருக்கு ஏறியபோது ‘பின்பக்கம்’ என்ற சொல் கட்டத்தில் இடம் போதாமல் உதிர்ந்தது. அன்றிலிருந்து ஊரில் ஓடும் ஒவ்வொரு வண்டியும், பின்பக்கத்தில் இல்லாத எண்ணெய் விளக்கைச் சோதித்ததற்காகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கொருமுறை கட்டணம் ஏறியும் இருந்தது. இல்லாத விளக்கானாலும் எண்ணெய் விலை ஏறாமலா இருக்கும்?

ஏனக்கா வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயித்துவிட்ட சிரிப்பு. “அப்ப இதை எடுத்துடுவீங்க.”

அதிகாரியும் சிரித்தார். நிம்மதியில் சிரித்தார். “எடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லைம்மா. தவறுதலா விட்டுப்போனதைச் சேர்க்கிற அதிகாரம்தான் இருக்கு.”

சேர்த்தார். அரை மணி நேரத்தில் புதுப் பட்டியல் அச்சாகி, வாசல் பலகை மேல் ஒட்டப்பட்டது. ஐந்தாவது, எண்ணெய் விளக்குச் சோதனை, முன்பக்கம். ஆறாவது, மேற்படி, பின்பக்கம். இப்போது மேற்படிக்கு மேலே ஒரு வரி இருந்தது. குழப்பத்துக்கு இடமே இல்லை. இரண்டுக்கும் ஒரே தொகை.

“சார், என் வண்டியில எண்ணெய் விளக்கே கிடையாதே!”

“கிடையாதுன்னு சோதிச்சுப் பார்த்தாத்தானே சொல்ல முடியும்?” என்றார் அதிகாரி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

சோதிக்கக் கோப்பறைக்காரர்தான் வந்தார். வேனின் முன்னால் குனிந்து பார்த்து, ‘இல்லை’ என்று எழுதினார். பின்னால் போய்க் குனிந்து, ‘மேற்படி’ என்று எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. சம்பளம் வாங்குகிற மனிதர்.

ஏனக்கா மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். ஆறு கட்டம். ஆறுக்கும் எதிரே அதே வாசகம்: எனக்கு விளக்கப்பட்டது, புரிந்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டாள், ஆறிலும் கையெழுத்துப் போட்டாள், பணத்தை நீட்டினாள். வில்லை வந்தது. அதிகாரியே வெளியே வந்து, விளக்கம் கேட்டுப் பெற்ற ஓட்டுநர் என்று அவளைப் படிவத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்பவாம். வெட்கங்கெட்டவர்கள்.

அதற்குள் வரிசையில் செய்தி பரவியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. “நம்ம பாட்டுக்கு ஒண்ணைக் கட்டிட்டு இருந்தோம், இவ வந்து ரெண்டாக்கிட்டா” என்று யாரோ அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். லாரிக்காரர் மட்டும் அந்தப் பேச்சில் சேராமல், இரண்டு லாரிக்கும் இரண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏனக்கா வேனுக்குள் உட்கார்ந்து வில்லையை ஒட்டினாள். அது கோணலாக ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர் வெளியே வந்ததும் இறங்கி அவரிடம் போனாள்.

“அண்ணே, என்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடுங்க.”

அவர் ரசீதுகளை மடித்துப் பைக்குள் வைத்தார். “உன்னைத் திட்டி என்னம்மா பண்ண? நீ கேட்டது சரிதான்.” லாரிப் படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பினார். “புரியாமக் கட்டினப்ப, என்னிக்காவது ஒரு ஆள் உள்ள போய்க் கேட்டா நிறுத்திடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இருபது வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் கேட்டாச்சே.”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏனக்காவுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.