பிரிக்காத பெட்டி

“எனிமா மருந்து போட்டும் மலத்துல ரத்தம் நிக்கலைன்னா அடுத்து ஸ்டீராய்டுதான்” என்றார் டாக்டரம்மா. “சீக்கிரம் கேக்கும். ஆனா தூக்கம் போகும், முகம் ஊதும்.”

“கை நடுங்கும்” என்றான் அவன். போன தடவை நடுங்கியது. டவர் கிரேன் ஓட்டுகிறவன் கை நடுங்கலாமா? கீழே இறக்கி ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். மறுபடி கேபின் ஏறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

“வேற இல்லியா மேடம்?”

“நரம்புல ஏத்துற மருந்து இருக்கு. நடுக்கம் வராது. ஆனா எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். காசநோய் இருக்கான்னு முதல்ல பாக்கணும். அது மத்ததெல்லாம் பலிக்காதவங்களுக்கு.”

மனைவி அவனைப் பார்த்தாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“ஒண்ணுதான் போட்டாரு. மிச்சம் பீரோவுல கம்பளிக்குப் பின்னாடி இருக்கு. அதுல ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவேயில்ல.”

முதல் நாளே மருந்து கசிந்து விரிப்பு நனைந்தது. அவள் வாய் திறக்காமல் துவைத்துப் போட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதோடு விட்டுவிட்டான்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். அவருக்கும் அலுப்பு. “போடாத மருந்து பலிக்கலைன்னு எழுதிவெச்சிருக்கேன். இவ்வளவு நேரம் எதை எதோட ஒப்பிட்டோம்?”

“மாத்திரை ஒழுங்கா முழுங்குறேன் மேடம்.”

“புண்ணு பெருங்குடலோட கடைசியில இருக்கு. மாத்திரை அங்க போதுமான அளவு போய்ச் சேராது. ரெண்டும் வேணும். இன்னிக்கே ஆரம்பிங்க. ரத்தம் கூடினா, காய்ச்சல் வந்தா உடனே வாங்க. ரத்தம் நிக்கிறவரைக்கும் கிரேன்ல ஏறாதீங்க.”

வெளியே வந்து, கீழே நின்று சைகை காட்டும் கூட்டாளிக்குப் போன் போட்டான். கட்டட வேலைத் தளத்தில் அந்தக் கூட்டாளிக்கு விசில் என்று பெயர்.

“கொஞ்ச நாள் மேல ஏற மாட்டேன்டா.”

“வா மாமா. கீழயும் வெயில்தான். கக்கூஸாவது பக்கத்துல இருக்கு.”

சிரிக்கத் தெம்பில்லை.

சாயங்காலம் மனைவி பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டாள். எனிமா மருந்தை ஏற்றிக்கொண்டு இடது பக்கமாகப் படுத்தான்.

“அசையாதீங்க.”

“நாள் பூரா மேல அசையாமத்தான் உக்காந்திருக்கேன்.”

“அங்க மருந்து போட்டதா நடிச்சுக்காட்ட ஆளில்ல.”

கொஞ்ச நேரத்தில் கசிந்தது. எழப்போனான். அவள் தோளை அழுத்தினாள்.

“எழுந்தா மிச்சமும் போயிடும். துண்டுதானே?”

ஈரத்திலேயே கிடந்தான்.