மேலே ரெண்டு, கீழே பன்னிரண்டு

பஞ்சாயத்து போர்டு ஆபீசில் கூடியிருந்த பதினைந்து பேர் முன்னால் திருமலைசாமிக் கவுண்டர் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே நாலு. ஆபீஸ் என்பது அவருடைய பழைய பருத்திக் கிடங்குதான். பிரெசிடெண்ட் ஆன அன்று மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டதில் ஆபீஸாகிவிட்டது. கரும்பலகை பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தது. அதனால் பிள்ளைகளுக்கு அன்று கணக்குப் பாடம் இல்லை.

இந்தக் கோட்டுக்குப் பின்னால் நாலு மாத உழைப்பு இருந்தது. ஜில்லா போர்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், வரும்படியில் என்ன பின்னம் ரோட்டுக்குச் செலவு என்று கேட்க, கவுண்டர் "எல்லாம் நல்லபடியாத்தானுங்க" என்று சொல்லிவிட்டார். அதிகாரி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ குறித்துக்கொண்டு போனார். மறுநாளே பாலுசாமி வாத்தியாருக்கு ஆள் போயிற்று. மாட்டுச்சாலையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடம். காலும் அரைக்காலும் கவுண்டருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் வாயால் சொல்லும் கணக்கு ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கோடு போட்ட கணக்குத்தான் கவர்மெண்டுக் கணக்கு.

சிரமமானதைப் பிரெசிடெண்டிடம் முதலிலேயே நீட்டக் கூடாது என்று வாத்தியார் பெருக்கலில் தொடங்கினார். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு. கவுண்டர் பிடித்துக்கொண்டார். "அடுத்தது கூட்டலுங்க. அதுல கொஞ்சம் சங்கதி இருக்குதுங்க" என்று வாத்தியார் இழுத்தபோது, கவுண்டர் துண்டை உதறி எழுந்துவிட்டார். "பெருக்கலே வந்துபோச்சு. கூட்டல் என்ன வாத்தியாரே பெரிய கூட்டல்?" அதோடு பாடம் முடிந்தது.

இன்றைய வழக்கு கிணற்றுத் தண்ணீர். ஊருக்குத் தெற்கே உள்ள அந்தக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது, எட்டு நாளைக்கு ஒரு சுற்று. கவுண்டருக்குப் பாதி, முத்தாத்தாளுக்குக் கால், காளிச்சாமிக்குக் கால். காளிச்சாமி கோயமுத்தூரில் மில் வேலை கிடைத்து, தன் பங்கை மற்ற இருவருக்கும் சரிபாதியாக விற்றுவிட்டுப் போய்விட்டான். முத்தாத்தாள் கறவை எருமையை விற்று அதில் தன் பாதியான அரைக்காலை வாங்கியிருந்தாள். புருஷன் இல்லாதவள். இரண்டு ஏக்கர் கம்போடியாப் பருத்தி காய் பிடிக்கிற பருவத்தில் நின்றது. இப்போது தண்ணீர் தவறினால் காய் உதிர்ந்துவிடும்.

கவுண்டர் காலுக்குப் பக்கத்தில் அரைக்காலை, ஒன்றின் கீழ் எட்டாக எழுதினார். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே நாலும் எட்டும் பன்னிரண்டு. பிறகு அவருக்கு மிகவும் பிடித்த வேலை: இரண்டையும் பன்னிரண்டையும் குறுக்கே அடித்து, ஒன்று, ஆறு என்று போட்டார். கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார்கள்.

"அம்மணி, உன்ற பங்கு ஆறுல ஒண்ணு. சீட்டு எழுதி சீல் வெச்சுத் தாரேன்."

முத்தாத்தாள் பலகைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்ண்ணா, இது காலுக்கு மேலயா, கீழயாங்க?"

"நாலு பெருசா, ஆறு பெருசா?"

"கூழை நாலு பேரு பங்கு போட்டாக் கூட வருமா, ஆறு பேரு பங்கு போட்டாக் கூட வருமாங்ண்ணா?"

யாரோ தும்மினார்கள். பாலுசாமி வாத்தியார் கிடங்கின் விட்டத்தில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"கூழு வேற, கணக்கு வேற" என்றார் கவுண்டர்.

"சரிங்ண்ணா. எனக்கென்ன தெரியுதுங்க. உங்க பங்கையும் அப்படியே போட்டுக் காட்டிப்போடுங்க."

தன் பங்கு எட்டில் ஐந்து நாள் என்று கவுண்டருக்கு விரல் நுனியில் தெரியும். ஆனால் விரலையா பலகையில் ஒட்டுவது? போட்டார். பாதியும் அரைக்காலும். மேலே இரண்டு, கீழே பத்து. அடித்தார். ஐந்தில் ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று உறைத்தது.

"அப்ப எட்டு நாள்ல உங்களுக்கு ஒண்ணரை நாளும் சொச்சமும், எனக்கு ஒண்ணேகால் நாளும் சொச்சமும்" என்றாள் முத்தாத்தாள், மரியாதை துளியும் குறையாமல். "மிச்சம் அஞ்சு நாளு கெணத்துல யாருங்ண்ணா எறைக்கறது?"

பதினைந்து முகங்களும் அவரைப் பார்த்தன. தப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். கவுண்டர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார்.

"அது ரிசர்வு" என்றார்.

சீட்டு எழுதி, சீல் குத்தி, அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

முதல் மூன்று நாள் இருவரும் சீட்டுப்படி இறைத்தார்கள். பிறகு ரிசர்வு தொடங்கியது. கிணறு சும்மா கிடந்தது. தண்ணீர் படி படியாக ஏறி வந்தது. ரிசர்வின் மூன்றாம் நாள் உச்சிவெயிலில் கவுண்டர் போய்ப் பார்த்தபோது, எட்டிக் குனிந்தால் கை நனையும்போல் இருந்தது. கரைமேல் கிடந்த, தண்ணீர் இறைக்கும் தோல்சால் காய்ந்து விறைத்திருந்தது. அவருடைய பருத்தியும் இலையைத் தொங்கப்போட்டிருந்தது. பலகைக் கணக்குக்குப் பிரெசிடெண்டின் வயல் என்ற பாகுபாடு இல்லை.

முத்தாத்தாள் இரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். கயிற்றை நுகத்தில் மாட்டினாள். தோல்சாலின் மேல் தண்ணீர் தெளித்து நனைத்தாள். எல்லாம் செய்துவிட்டு, மடியிலிருந்த சீட்டை எடுத்து மடிப்புப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்டட்டுங்களாண்ணா?"

ஓட்டு என்றால் சீட்டு தப்பு. ஓட்டாதே என்றால் இரண்டு பேர் பருத்தியும் போச்சு. கவுண்டர், தூரத்தில் கிணத்துக்கடவு ரோட்டில் ஏதோ வண்டி போவதைப்போல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வண்டி எதுவும் போகவில்லை.

முதுகுக்குப் பின்னால் கிணற்று உருளை ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு விடாமல் கிரீச்சிட்டது. வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கவுண்டர் திரும்பிப் பார்க்காமல் துண்டுக்கு அடியில் எட்டு விரல்களை நீட்டி, ஒவ்வொன்றாக மூன்றை மடக்கினார். ஐந்து மிச்சம் நின்றது.