திரையில் ஒரு சார், தரையில் ஒரு சார்

கணக்கு சாரின் தொண்டைக்குள் சின்னதாக ஒரு கட்டி வந்திருந்தது. வருடக்கணக்கில் வகுப்பில் கத்தியதற்கு மிச்சமான சொத்து அது ஒன்றுதான். "மூணு மாசத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் ஆகாது" என்றார் டாக்டர். "வீட்லயும்தானே டாக்டர்?" என்று அவர் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

பள்ளிக்கூடம் அவரைக் கைவிடவில்லை. முன்பு இணைய வகுப்புக்காக வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவர் பதிவு செய்த பாடங்கள் மொத்தமும் கணினி அறையில் பத்திரமாக இருந்தன. ஏழாம் வகுப்புச் சுவரில் பெரிய திரையும் இருந்தது. திரையில் இருக்கும் சார் பேசுவார். தரையில் இருக்கும் சார் கையில் ரிமோட்டோடு ஓரமாக நிற்பார். இது தலைமை ஆசிரியையின் ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருந்தது.

முதல் நாளே, திரையில் இருந்தவர் வழக்கம்போல "புரிஞ்சுதா?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் திரையைப் பார்த்து ஒரே ராகத்தில் "புரிஞ்சுது சார்!" என்றது. "நல்லது, அடுத்து" என்று திரையில் இருந்தவர் மேலே போய்விட்டார். யாருமே இல்லாத ஹாலில் பதிவு செய்தபோதுகூட, பிள்ளைகள் கத்தி முடிக்க ஆகும் நேரத்தை அவர் வாய் தானாகவே விட்டு வைத்திருந்தது.

ஓரமாக நின்றவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமும் அந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். பதில் முதுகில் வந்து விழும். பதில் சொல்லும் முகங்களை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். ஒரு முகத்திலும் புரிந்ததற்கான அறிகுறி இல்லை. எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவதால் தலையாட்டி என்று பெயர் வாங்கிய மூன்றாம் பெஞ்சுப் பெண், "புரிஞ்சுது சார்" என்று கத்தியபடியே பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது. காரணத்தைச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளவும் வாய் கிடையாது.

மறுநாளிலிருந்து "புரிஞ்சுதா?" வந்ததும் ரிமோட்டை அமுக்கினார். திரையில் இருந்தவர் வாயைப் பிளந்தபடி நின்றுபோனார். தரையில் இருந்தவர் பலகையில் ஒரு கணக்கை எழுதி, புரிந்தது என்று கத்திய யாராவது ஒருவரிடம் சாக்பீஸை நீட்டினார். தப்பாகப் போட்டால் முறைக்காமல் படம் வரைந்து காட்டினார். தேவைப்பட்ட இடத்தில் வீடியோவைப் பின்னுக்கு ஓட்டித் திரும்பப் போட்டார். இரண்டு மூன்று இடங்களில் தான் சொன்னது தனக்கே விளங்காததால், அந்தத் துண்டுகளை வெட்டியும் போட்டார்.

பாடம் நத்தை மாதிரி நகர்ந்தது. பக்கத்துப் பிரிவில் அதே வீடியோவை ஓடவிட்டு, டிரில் மாஸ்டர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அங்கே பின்னம் முடிந்து, தசமம் முடிந்து, வட்டிக் கணக்கே வந்துவிட்டது.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"சார், உங்க வீடியோவை வச்சு அவர் முடிச்சிட்டார். உங்க வீடியோவை வச்சு நீங்க முடிக்கல. இதை நான் கமிட்டியில எப்படிச் சொல்றது?"

பதில் எழுத சார் காகிதம் தேடுவதற்குள் அவரே தொடர்ந்தார். "நாளைக்கு வகுப்புல வந்து உக்காந்து பாக்கறேன். சரிப்படலன்னா, நீங்க லைப்ரரியைப் பாத்துக்கங்க. அங்க பேசவே வேண்டாம், உங்களுக்கும் சௌகரியம். வகுப்பை டிரில் மாஸ்டர் பாத்துக்குவார்."

லைப்ரரி மேல் சாருக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் தலையாட்டி இப்போதுதான் தலையாட்டுவதைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அவளை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் சரித்திரம் படித்தவர். கணக்கோடு பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. அன்றைய பாடம், பின்னத்தால் வகுப்பது. பெரியவர் இருப்பதால் பிள்ளைகள் பழைய ஒழுங்குக்குத் திரும்பியிருந்தார்கள். "புரிஞ்சுதா?" என்றது திரை. "புரிஞ்சுது சார்!" என்றது வகுப்பு. அதில் ஒரு குரல் மட்டும் கனமாகக் கேட்டது. தலைமை ஆசிரியையும் சேர்ந்து சொல்லியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் பழைய பழக்கம் தானாக வந்துவிட்டது.

சார் ரிமோட்டை அமுக்கினார். ஆறை அரையால் வகுக்கும்படி பலகையில் எழுதினார். பிறகு சாக்பீஸோடு கடைசி பெஞ்சுவரை நடந்து, அதைத் தலைமை ஆசிரியையிடம் நீட்டினார். புரிந்தது என்றவரிடம் நீட்டிப் பழகிய கை, எதிரில் இருப்பது யார் என்று யோசிக்கவில்லை. நீட்டிய பிறகுதான் சாருக்கு வேர்த்தது.

"நானா?" என்றார் தலைமை ஆசிரியை.

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்து போய், மூன்று என்று எழுதினார்.

"சரி மேடம்!" என்றது வகுப்பு, அதே ராகத்தில்.

சார் இல்லையென்று தலையை அசைத்தார். தலைமை ஆசிரியை பலகையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார், அங்கிருந்து ஒரு ஒத்தாசையும் வரவில்லை. அவர் காது இரண்டும் சிவந்தன. லைப்ரரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று சார் யோசிக்க ஆரம்பித்தார்.

"ஆறுல பாதி மூணுதானே?" என்றார் தலைமை ஆசிரியை. சார் சாக்பீஸை வாங்கி, மூன்றை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். தலைமை ஆசிரியை அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்குப் புரியல" என்றார்.

அந்த அறையில் தப்பாகப் போட்டவர்கள் நிறைய உண்டு. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரை இடிந்து விழவில்லை என்று உறுதியானதும், மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எனக்கும் புரியல சார்" என்றாள் தலையாட்டி. "போன வாரத்துலேர்ந்தே."

"எனக்கும் சார்." "எனக்கும்." கைகள் முளைத்துக்கொண்டே போயின. டிரில் மாஸ்டரின் பிரிவிலிருந்து "புரிஞ்சுது சார்!" என்ற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம். திரையை அணைத்துவிட்டு, பலகையில் ஆறு நீளக் கட்டங்களை வரைய ஆரம்பித்தார்.

தலைமை ஆசிரியை முன் பெஞ்சுப் பெண்ணிடம் ஒரு தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டு, தலையாட்டியைத் தள்ளி உட்காரச் சொல்லி மூன்றாம் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"மெதுவாவே போங்க சார்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."