காலியாகாத வீடு

எங்கள் வீட்டை இடித்தது மழை என்றுதான் அரசாங்கம் நம்புகிறது. உண்மையில் இடித்தது நான்.

வீடு ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேட்டுக்குப் போகும் வழியில் மலைச் சரிவில் இருந்தது. கார்த்திகை மழையில் சுவர் விரிசல் விட்டுவிட்டது. பார்க்க வந்த அதிகாரி, “இனி இங்க இருக்கக் கூடாதுங்க” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சார், எங்கப்பா கட்டுன செவுரு. மாடு முட்டினாலும் அசையாதுங்க” என்றேன். அந்த நேரத்துக்கு மாடு கிடைக்காததால் நானே தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினேன். சுவர் மரியாதையாக அந்தப் பக்கம் சாய்ந்தது. புழுதி அடங்கியதும், அடுப்படியிலிருந்து கரண்டியோடு என் மனைவி சசிகலா எட்டிப் பார்த்தாள். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியாகக் கரண்டியைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

அதிகாரி நல்லவர்; மழையில் இடிந்தது என்றே எழுதிக்கொண்டார். புது வீடு கட்டித் தரும்வரை மாதாமாதம் வாடகைக்கு அரசு உதவித்தொகை உண்டு என்றார். வீட்டை நாம்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கொடுத்தார்கள். அரையாண்டு லீவு முடிந்தால் அதையும் காலி செய்யணும். அப்புறம் மலையிறங்கி, குப்பனூரில் மச்சான் வீட்டுக்குத்தான். நான் எஸ்டேட் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். காபி பறிக்க வந்தவர்கள் பேரை எழுதுகிறவன். மலையிறங்கினால் எனக்கு வேலை போகும். என்னைப் பற்றி மச்சான் வைத்திருக்கும் அபிப்பிராயமும் சரியென்று ஆகிவிடும்.

ஏற்காட்டில் அலைந்தேன். வீடு என்று இருந்ததெல்லாம் ஹோம்ஸ்டே ஆகியிருந்தது. “ஏனுங்க, டூரிஸ்ட் ரெண்டு ராத்திரிக்குக் குடுக்கறத நீங்க மாசத்துக்குக் குடுக்கறேங்கறீங்களே” என்று ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “கவர்மெண்டு வாடகை வேண்டாஞ்சாமி. இன்னைக்குக் காசு வரும், நாளைக்குக் கவர்மெண்டே ஊட்டுக்குள்ள வந்துரும்” என்றார் இன்னொருவர்.

கடைசியில் டீக்கடை தனபால்தான் சொன்னார். “லூர்துசெல்வியக்கா ஊட்டுக்குப் பின்னால ஒரு சின்ன ஊடு சும்மா கெடக்குதுங்க. ஆனா…”

“ஆனா? பேய் கீய் இருக்குதுங்களா?”

“அட, அப்படியெல்லாம் இல்லீங்க.”

“அப்ப இல்லையா?”

“அப்படியும் சொல்ல முடியாதுங்க” என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

லூர்துசெல்வியக்கா பள்ளி ஹாஸ்டலில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கொடுத்து, “போயிப் பாருங்க, காபி கொண்டாறேன்” என்றார். பகலிலேயே உள்ளே விளக்கு எரிந்தது. படுக்கை விரித்திருந்தது. கண்ணாடி முன்னால் சீப்பு, அதில் இரண்டு முடி. வாசலில் ஒரு ஜோடி பெண் செருப்பு வெளியே பார்த்தபடி இருந்தது. பனி என் பின்னாலேயே உள்ளே வந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அடுத்த அறையில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

“உக்காருங்க, நான் சும்மா பாக்கத்தான் வந்தனுங்க” என்று அந்த அறையைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பேயிடம்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம்.

காபி வந்தது. “குடுப்பீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“பாக்கலாங்க ரைட்டரே.”

மறுபடி போனேன். “பாக்கலாங்க.” இந்தத் தடவை செருப்பு உள்ளே பார்த்தபடி இருந்தது, அடியில் ஈர மண். “யாருக்கா வந்தாங்க?” என்றேன். அக்கா டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் கடைசியாகப் போனேன். அன்றைக்குத்தான் அக்கா கொஞ்சம் பேசினார்.

“ஈவ்லின்னு ஒரு டீச்சருங்க. ஒம்போது வருசம் இங்க குடியிருந்தா. சேலத்து ஆஸ்பத்திரில டெஸ்ட்டு எடுத்துட்டு வரேன்னு காலைல பஸ்ஸுக்குக் கிளம்புனா. இந்தப் படிக்கட்டுல நின்னு, ‘வரேங்கக்கா’ன்னா.”

“அப்புறம்?”

“வரேன்னுதானுங்க சொன்னா.”

அக்கா விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பறையில் சசிகலா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருப்பாள். அது தெரிந்தும் இதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. எழுந்தேன். படிக்கட்டில் நின்று வழக்கம்போல ‘வரேங்கக்கா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாசலில் அந்தச் சொல் ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது. துணைக்கு இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போக மனசில்லை.

“அப்ப நான் போறேங்கக்கா” என்றேன்.

வாசலில் நின்று அப்படிச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அக்கா அறை வாங்கிய மாதிரி திரும்பினார்.

“என்ன பேச்சு பேசறீங்க! வாயக் கழுவுங்க. வரேன்னு சொல்லுங்க!”

“எப்படிக்கா சொல்றது? நாளைக்கு நாங்க குப்பனூருக்கு எறங்கறமுங்க. மறுக்கா வருவேனான்னு எனக்கே தெரியலீங்க. வரேன்னு சொல்லிட்டு நான் வரலைன்னா, எனக்கும் ஒரு வெளக்கு ஏத்தி வெப்பீங்க.”

உள்ளே ஏதோ நகர்ந்தது. எலியாக இருக்கலாம். நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. ஈவ்லின் டீச்சர் வருவாங்களா?”

அக்கா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ‘பாக்கலாங்க’ என்று குவிந்ததுகூடத் தெரிந்தது. அப்புறம் அது மாறியது.

“வர மாட்டாளுங்க. செத்துட்டா. குழியில நாந்தான் மொதல் மண்ணு போட்டேன்” என்றார். “காயிதத்தக் கொண்டாங்க ரைட்டரே, கையெழுத்துப் போடறேன். ஊடு உங்களுக்குத்தான்.”