இரண்டாம் பக்கத்தில் எழுதிய பெயர்

அக்டோபர் 16, செவ்வாய். இன்றைய தவறு: கடைக்கு வந்த இருவரை வாடிக்கையாளர்கள் என்று நினைத்து ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். பெயரையும் கேட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு ஜோலீன் கோவாச் நிறுத்தினாள். இரண்டாவது வாக்கியம் தேவைதானா என்று யோசித்து, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றன்று செய்த ஒரு தவறோடுதான் நாட்குறிப்பைத் தொடங்க வேண்டும் என்பது மாலை வகுப்பு ஆசிரியை போட்ட விதி. இன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

மதியம் மூன்று மணிக்கு அவள், தான் வேலை பார்க்கும் சலவைக் கடையில், ரசீதுப் புத்தகத்தில் அடுத்த வாரத்துக்கான கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேல் வைக்காம தும்மக்கூட மாட்டியாடி நீ?" என்றாள் கடைக்காரி டெலோரஸ்.

"கோணலா இருந்தா அப்புறம் நீங்கதான் கத்துவீங்க."

"நான் கத்துறது உன் கோட்டைப் பார்த்து இல்ல, உன் வேகத்தைப் பார்த்து."

மூலையிலிருந்த தொலைக்காட்சியில் அந்த விமானத்தையே மறுபடியும் மறுபடியும் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடத்தப்பட்டு மூன்று நாளாகிவிட்டது. கடத்தல்காரர்கள் ஓர் அமெரிக்கப் பயணியைச் சுட்டு ஓடுபாதையில் தள்ளிவிட்டார்கள். அவன் ராணுவத்தைச் சேர்ந்தவன் என்பதை அடையாள அட்டையை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். பெயரை இன்னும் அறிவிக்கவில்லை. "யார் பெத்த பிள்ளையோ" என்று காலையிலிருந்து டெலோரஸ் நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். ஜோலீனும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். அவளுடைய அண்ணன் டேரிலும் படையில்தான், கடற்படைக் கப்பலில் கொதிகலன் மெக்கானிக். ஆனால் அவன் நடுக்கடலில் இருப்பதாகத்தான் கடைசிக் கடிதம் சொன்னது.

கதவு மணி அடித்தது. கருநீலச் சீருடையில் இருவர் உள்ளே வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடற்படை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்காரர்கள் செவ்வாய்தோறும் துணி போடுவார்கள். அவள் பேனாவை எடுத்தாள்.

"ரெண்டு செட்டா? வெள்ளிக்கிழமை கிடைக்கும். பேரு?"

இருவரில் பெரியவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கோவாச்..."

அவள் எழுதிக்கொண்டே சிரித்தாள். "என் வீட்டுப் பேரும் அதுதான். இந்த ஊர்ல நாங்க மட்டும்தான்னு நினைச்சேன்."

அவர்கள் சிரிக்கவில்லை. இருவருமே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்காரர்கள் தொப்பியைக் கழற்றுவதில்லை. அவர்களிடம் துணிமூட்டையும் இல்லை.

கடற்படை வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. காயம் என்றால் தொலைபேசி வரும். சாவு என்றால் காரில் ஆள் வரும்.

"ஃபோன் பண்ணியிருக்கலாமே," என்றாள் ஜோலீன். "நம்பர் குடுத்திருக்கோமே."

பெரியவர் தன்னை லெப்டினன்ட் ஆஸ்ட்லி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். உடன் வந்தவர் கடற்படைப் பாதிரியார். அவர்தான் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். டெலோரஸ் தொலைக்காட்சியை அணைத்தாள்.

டேரிலை வேறொரு துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும்போது ஏறியதுதான் அந்த விமானம்.

"எங்க அம்மா வீட்ல தானே இருக்காங்க," என்றாள் அவள். "இங்க ஏன் வந்தீங்க?"

ஆஸ்ட்லி ஒரு தாளைக் காட்டினார். ஒவ்வொரு மாலுமியின் கோப்பிலும் இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருக்கும். தனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவனே நிரப்புவது. தாயார் என்ற இடத்தில் டேரில் எழுதியிருந்தான்: இதய அறுவை சிகிச்சை ஆனவர், நேரடியாகச் சொல்ல வேண்டாம். அதற்குக் கீழே தங்கையின் பெயரும் இந்தக் கடையின் முகவரியும். கையெழுத்து சாய்ந்து கிடந்தது. போன வருடம் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, "என் பேரை எழுதிடு, நான் பார்த்துக்குறேன்" என்று தொலைபேசியில் அவனிடம் சொன்னது ஜோலீன்தான். ஏதோ சம்பளப் படிவம் என்று நினைத்துச் சொன்னாள்.

"நாங்களும் உள்ள வரோம், மிஸ் கோவாச்," என்றார் ஆஸ்ட்லி, காரை அவள் வீட்டுக்கு முன் நிறுத்திவிட்டு.

"பத்து நிமிஷம் குடுங்க, சார். அண்ணன் என்னைத்தான் சொல்லச் சொல்லியிருக்கான்."

ஆறு மணிச் செய்தியில் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அப்போது மணி நாலேகால்.

அம்மா ரோஸ்மேரி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கோஸ் இலை வெந்துகொண்டிருந்தது. எதிரே ஓர் அனுதாப அட்டை.

"சீக்கிரம் வந்துட்டியே. நல்லதாப் போச்சு, இங்க வா. பிளேன்ல சுட்டாங்களே, அந்தப் பையனோட அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதலாம்னு உட்கார்ந்தேன். பேர் தெரிஞ்சதும் போஸ்ட் பண்ணிடலாம். 'அன்புள்ள அம்மாவுக்கு'ன்னு போட்டேன், அதுக்கு மேல ஓடல. கிளாசுக்குப் போறவ நீதானே, சொல்லு."

ஜோலீன் வழியெல்லாம் மூன்று காரியங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதலில் உட்கார வைப்பது, பிறகு மாத்திரை, பிறகு சொல்வது. அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"என்னடி முழிக்கிற? அவளும் நம்மள மாதிரிதானே. நாலு வார்த்தை ஆறுதலா..."

"அம்மா. அந்த அம்மா நீதாம்மா."

ரோஸ்மேரி அவளையே பார்த்தாள். "அவன் கடல்ல இருக்கான்."

"இல்லம்மா. ரிப்பேருக்கு அனுப்பியிருக்காங்க. திரும்பி வரும்போது அந்த பிளேன்ல..."

ரோஸ்மேரி எழுந்து அடுப்பை அணைத்தாள். ஜன்னல் வழியே தெருவில் நின்ற காரைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மணிக்கு. கடைக்கு வந்தாங்க."

"கடைக்கா? எங்கிட்ட ஏன் வரல?"

ஜோலீன் இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னாள். தானே எழுதச் சொன்னதையும் மறைக்கவில்லை. அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரைப் புட்டியை நீட்டிய கையைத் தள்ளிவிட்டாள்.

"நான் தாங்க மாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. அவன் எட்டு மாசத்துல பொறந்தப்போ ராத்திரி பகலா கையில வச்சுக்கிட்டு இருந்தவ யாரு? ஒரு மணி நேரம், ஜோலீன். அவன் செத்தது ஊர்ச் சலவைக் கடைக்குத் தெரிஞ்ச பிறகும் ஒரு மணி நேரம் நான் இங்க உட்கார்ந்து வேற எவளுக்கோ அழுதுக்கிட்டு இருந்திருக்கேன்."

ஜோலீன் புட்டியை மேசைமேல் வைத்தாள். அம்மா சொன்னது சரி.

"அவங்களைக் கூப்பிடு."

ரோஸ்மேரி ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். தலையைக் கையாலேயே கோதிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். ஆஸ்ட்லி உள்ளே வந்ததும் மெல்ல, "மேடம், நாங்க எவ்வளவு..." என்று தொடங்கினார்.

"அது அப்புறம். ஒரு அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி எங்கிட்டச் சொல்லுங்க. முதல்லேர்ந்து. அவ சொன்னது கணக்குல வேண்டாம்."

ஆஸ்ட்லி ஜோலீனைப் பார்த்தார். அவள் நகர்ந்து சுவரோரம் போனாள். அவர் நிமிர்ந்து நின்று, மனப்பாடமாக இருந்த வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னார். கடற்படைத் தளபதியின் சார்பில், தங்கள் மகன் டேரில் கோவாச் இறந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்தோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது, திருமதி கோவாச்.

"சரி," என்றாள் அம்மா. அப்புறம்தான் அவள் சரிந்தாள். பாதிரியாரும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அந்தச் சிறிய உடம்புக்குள்ளிருந்து வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று ஜோலீனுக்குத் தெரியவில்லை, எழுதவும் இல்லை.

ஏழு மணிக்கு ஆஸ்ட்லியும் பாதிரியாரும் கிளம்பினார்கள். பக்கத்து அறையில் அம்மா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். ஜோலீன் கதவைச் சாத்தாமல், சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாட்குறிப்பில் தவறுக்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதினாள்:

நாளை: பதினோரு மணிக்கு லெப்டினன்ட் மறுபடி வருகிறார். எங்கே அடக்கம் என்று கேட்பார். அதற்குள் அம்மாவைக் கேட்க வேண்டும்.