அறுபது பேர் ஏறவிருந்த தளம்

அந்த மே மாதம் முழுக்க மார்லிஸ் ருவோனாவும் அவள் கணவன் அர்விட்டும் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்காக. சமையலறைக் கதவுக்கு வெளியே, தரையிலிருந்து எட்டடி உயரத்தில், ஏரியைப் பார்த்தபடி நின்ற மரத்தளம். மகள் ஈலா பிறந்த வருடம் அர்விட் தன் கையால் கட்டியது. இருபத்தெட்டு வருடமாக, பனி உருகியதும் உப்புத்தாளால் தேய்த்து, சாயம் பூசிப் புதிது போலவே வைத்திருந்தான். இன்னும் மூன்று வாரத்தில் ஈலாவின் கல்யாண விருந்து அதன் மேல்தான். அறுபது பேர்.

"நடந்தா ஆடுது அர்விட். கப்புல காபி தளும்புது."

"ஆடுறது நீ. தளம் இல்ல."

ஒரு கட்டடக் கம்பெனிக்காரன் வந்தான். மேலே நின்றபடி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முழுவதையும் இடித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றான். "குனிஞ்சுகூடப் பாக்கல, இடிக்கணுமாம்!" என்று அர்விட் அவனை அனுப்பிவிட்டான். அந்த ஒன்றில் மார்லிஸுக்கும் அவன் கட்சிதான். அதனால் வெர்னா டெஷானைக் கூப்பிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டிய தச்சுக்காரி. தேவையில்லாத வேலையை, கொடுத்தாலும் செய்யமாட்டாள் என்று ஊருக்கே தெரியும்.

வெர்னா சனிக்கிழமை காலை வந்தாள். மேலே ஏறவே இல்லை. ஏணியும் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக அடியில் போனவள் முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள். சமையலறையில் அர்விட்டின் காபி ஆறிப்போனது. பிறகு குரல் வந்தது.

"அர்விட், கொஞ்சம் கீழ வாங்க. இந்தத் தூணுக்கெல்லாம் குழி தோண்டினது யாரு?"

"நான்தான். அஞ்சடி. நடுவுல பாறை வந்துச்சு, உளி வெச்சு உடைச்சேன். ஒரு கோடை பூரா அதே வேலை."

"இந்த ஊர்க் குளிர்ல மண்ணு உறைஞ்சு உப்பி எல்லார் வீட்டுத் தூணையும் தூக்கிடும். இது ஒரு நூல்கூட அசையல. தூணையும் மேல இருக்கிற உத்தரத்தையும் நான் தொடமாட்டேன்."

அர்விட் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியா?"

வெர்னா ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் வைத்தாள். "இப்ப ஏணியில ஏறுங்க. தளத்தத் தாங்க வீட்டுச் சுவரோட சேத்து அடிச்சிருக்கீங்களே, அந்தப் பலகையில இதக் குத்திப் பாருங்க. நான் சொல்லி நீங்க நம்ப வேணாம்."

அவன் குத்தினான். நனைந்த கேக்கில் இறங்குவது போலப் பிடிவரைக்கும் இறங்கியது. ஓரடி தள்ளிக் குத்தினான், அங்கேயும் அப்படித்தான். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது.

"வெறும் ஆணிதான் அடிச்சிருக்கு. போல்ட் இல்ல" என்றாள் வெர்னா மெதுவாக. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். எங்க அப்பாவும். ஆணி துருப்பிடிச்சுப் போச்சு. ரெண்டு பேர் நின்னா தாங்கும். அறுபது பேர் தாங்காது."

மார்லிஸ் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த 'நான் அப்பவே சொன்னேன்' தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவளுக்குக் கணவனைத் தெரியும். இனி இரண்டு நாள் பேசமாட்டான் என்று நினைத்தாள்.

அர்விட் ஏணியிலிருந்து இறங்கினான். கராஜுக்குப் போய் ரம்பத்தை எடுத்து வந்து, யாரும் ஏறமுடியாதபடி படிக்கட்டை அறுத்துத் தள்ளினான். உள்ளே போய்ச் சமையலறைக் கதவுக்குக் குறுக்கே பலகை வைத்துத் திருகாணி முடுக்கினான். பிறகு அவனே மகளுக்குப் போன் செய்தான்.

"ஈலா கண்ணு, விருந்தைப் புல்லுல வெச்சுக்கலாம். நான் கட்டினதுல தப்பு இருக்கு."

இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை மார்லிஸ் கேட்டதே இல்லை. கதவில் அடித்த பலகைக்கு மேலாக ஏரியைப் பார்ப்பதுபோல நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெர்னா வேலையைத் தொடங்கியபோது அர்விட் கையுறையோடு வந்து நின்றான். "எனக்கு என்ன வேலை?"

"ஆணி பிடுங்குங்க."

தான் அடித்த ஆணியை எல்லாம் தானே பிடுங்கினான். சுவர்ப் பலகையைக் கழற்றியதும் பின்னால் சுவருக்குள்ளும் ஈரம் ஏறியிருந்தது. அதைச் சரிசெய்யவே நான்கு நாள் போனது. கல்யாணத்தன்று புதுச் சட்டங்களும் மேல்பலகைகளும் இருந்தன, விளிம்பில் கைப்பிடி இல்லை. கைப்பிடி வைக்காமல் ஒருவரையும் ஏறவிடமாட்டேன் என்று வெர்னா சொல்லிவிட்டாள்.

புல்வெளியில் மேசை போட்டு, புகையில் வாட்டிய ஏரி மீனும் இறைச்சி அடைத்த பேஸ்டியும் பரிமாறினார்கள். கொசு பிடுங்கியது. யாரோ தளத்தை அண்ணாந்து பார்த்து அழகாக இருக்கிறது என்றார்கள். நீலக் கோட்டு போட்டிருந்த அர்விட் அவர்களைத் தடுத்தான்.

"மேல என்னத்தப் பாக்கறீங்க? அடியில வாங்க."

ஏழெட்டுப் பேர் குனிந்து போனார்கள். சுவரில் வரிசையாக முறுக்கியிருந்த போல்ட்டுகளை டார்ச் அடித்துக் காட்டினான். "பாருங்க, வெர்னா வேலை. ஒவ்வொண்ணும் சுவத்துக்குள்ள போய் உக்காந்திருக்கு. நான் ஆணிய நம்பினேன்."

தட்டோடு அங்கே வந்த வெர்னா குறுக்கிட்டாள். "போல்ட்ட விடுங்க, அது கடையில கிடைக்கும். அந்தத் தூணக் காட்டுங்க. இந்த மனுஷன் பாறைய உடைச்சுப் போட்டது."

எல்லாரும் தூண் பக்கம் திரும்பினார்கள். அர்விட்டுக்குக் காது வரை சிவந்தது. மார்லிஸ் கூட்டத்துக்குள் நுழைந்து அவன் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள்.

"நீ ஆடப் போ, அப்பாவோட ஆடணும்னு ஈலா காத்திருக்கா" என்றாள். "இதை நான் சொல்றேன்."