அறுநூறு கிலோமீட்டர் சுற்று

எந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருவது அவள் வேலை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அன்று மத்தியானம் மட்டும் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அவள் வழி போட்டுக்கொண்டிருந்த விமானத்தில்தான் அப்பா வருகிறார்.

அப்பா முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். அம்மா இரண்டு தடவை வெளிநாட்டுக்கு வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்கு லீவுதான் வாய்க்கவில்லை. போன மாதம் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக டிக்கெட் எடுத்துவிட்டார்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே குறைந்தபட்ச தூரம் பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். ஆனால் அந்த வழியில் காற்று சாதகமாக இல்லை. கொஞ்சம் வடக்கே ஒதுங்கிப் போனால் அறுநூறு கிலோமீட்டர் கூடும். பின்னாலிருந்து பலமான காற்றும் கிடைக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் நாற்பது நிமிடம் மிச்சமானது. அந்த வழியையே போட்டுவிட்டு, ஊரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அப்பாவை போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அறுநூறு கிலோமீட்டர் சுத்திக்கிட்டு வந்தா எப்படிம்மா சீக்கிரம் வரும்?"

"காத்து பின்னாடி இருந்து தள்ளும்பா. பஸ்ஸுக்கு அந்த வசதி இல்லையே."

"ஏன் இல்ல? எத்தனையோ நாள் பாசஞ்சரே இறங்கித் தள்ளியிருக்காங்க," என்றார் அப்பா.

மறுநாள் விமானம் நாலரைக்கு இறங்க வேண்டும். அவளுக்கு நாலு மணிக்கு ஷிப்ட் முடியும்; அங்கிருந்து விமான நிலையம் அரை மணி நேரம். எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் காற்று அவள் கணக்கையும் மிஞ்சியது. மூன்று மணிக்குத் திரையைப் பார்த்தால், விமானம் மூன்று இருபதுக்கே தரையிறங்கப்போவதாகக் காட்டியது. வேலையை ஒழுங்காகச் செய்து தானே மாட்டிக்கொண்டாள். அவ்வளவு தூரம் வந்து இறங்கும் மனிதரை வரவேற்க வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பக்கத்து மேஜையில் இருந்த சீனியருக்கு அந்த அறையில் 'கறார்' என்று பெயர். யாருக்கும் ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அவள் திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்து, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னாள்.

"மீதிய நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு," என்று தன் நாற்காலியை அவள் மேஜைக்கு இழுத்துக்கொண்டார்.

கையிலிருந்த இரண்டு விமானங்களின் விவரத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள்.

விமான நிலைய வாசலில் அப்பா தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் சீருடையோடு ஒரு கேப்டன். வழி போட்டது என் மகள்தான் என்று பணிப்பெண்ணிடம் அப்பா சொல்ல, சேதி விமானி அறைவரை போய், இறங்கியதும் கேப்டனே அவரைத் தேடி வந்திருந்தார்.

"ஆறு வருஷமா நீங்க போட்ட வழியிலதான் ஓட்டறேன். ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார் கேப்டன் அவளிடம்.

"சார் நல்லா ஓட்டறார்ம்மா. ஒரு குலுக்கல் இல்ல," என்று அப்பா நற்சான்றிதழ் கொடுத்தார். கேப்டன் சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தார். அவள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அவள்தான் கார் ஓட்டினாள். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் பக்கத்து சீட்டில் அப்பாவின் வலது கால் தரையை அழுத்திப் பிரேக் போட்டது. மூன்றாவது சிக்னலில் அவள் பார்த்துவிட்டாள். இருவரும் சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்ததே தெரியவில்லை.